தங்கச்சிமடத்து மணலிலிருந்து தேசிய நடுவர் வரை: விசில் பிடிக்க நினைப்பவருக்கு ஒரு முழு வழிகாட்டி

ஏப்ரல் 15 பிறந்தால் எங்கள் பக்கம் விசைப்படகுகள் நங்கூரத்தில் கிடக்கும். ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். கடலுக்குப் போகாத கால்கள் சும்மா இருக்குமா? ராமேஸ்வரம் தீவிலிருந்து தொண்டி வரைக்கும் ஊர்ப் பொட்டல்களில் கால்பந்துப் போட்டி நடக்கும். சவுக்குக் கம்பை நட்டு, பழைய வலையைக் கட்டினால் கோல் போஸ்ட் தயார். ஆட இருபது டீம் வந்துவிடும், ஊதத்தான் ஆள் இருக்காது. "இங்க யாருப்பா அம்பயர்?" என்று மைக்கில் கூப்பிடுவார்கள். கிரிக்கெட் வார்த்தைதான், ஆனால் எங்கள் ஊரில் விசில் பிடித்தவன் எவனும் அம்பயர்தான்.

அப்படிக் கூப்பிட்ட ஒரு நாளில் எழுந்து போனவன் நான். அன்றைக்கு முழங்கால் வலியால் ஆட முடியவில்லை, அதனால் போனேன். 12 வருடம் ஆகிவிட்டது. இப்போது பகலில் பள்ளியில் பி.டி. ஆசிரியர், விடுமுறையில் நடுவர். சர்வதேச நடுவராக நான் ஆகவில்லை, இனி ஆகவும் மாட்டேன். ஆனால் அந்த ஏணி எங்கே சாய்ந்திருக்கிறது, எந்தப் படியில் கால் வழுக்கும் என்பதெல்லாம் தெரியும். அதைத்தான் எழுதுகிறேன்.

முதலில் பணத்தைப் பேசிவிடுவோம்

"இதுல சம்பாதிக்க முடியுமா சார்?" என்பதுதான் என்னிடம் வரும் பையன்களின் முதல் கேள்வி. கேட்பதில் தப்பில்லை. இங்கிலாந்தில் 2001 முதல் மேல்மட்ட நடுவர்கள் சம்பளத்துக்கு இதையே முழுநேரத் தொழிலாகச் செய்கிறார்கள். இந்தியாவில் அந்த நிலையை எட்டியவர்கள் மிகக் கொஞ்சம். மற்ற எல்லோருக்கும் பகலில் ஒரு வேலை உண்டு. ஆசிரியர், ரயில்வே, போலீஸ், வங்கி, சொந்தக் கடை என்று எதுவாகவும் இருக்கலாம். மேட்சுக்கு மேட்ச் படி கிடைக்கும், போக்குவரத்துச் செலவு கிடைக்கும். சின்ன ஊர்ப் போட்டி என்றால் பரோட்டாவும் கிடைக்கும். நான் முதல் நாள் வாங்கியது 300 ரூபாய்.

ஆகையால் வேலையை விட்டுவிட்டு இதில் இறங்காதே. லீவு கிடைக்கிற வேலையாகப் பார். போட்டிகளுக்கு அனுப்ப மனமுள்ள மேலதிகாரி இருந்தால் பாதி ஏணி ஏறிவிட்டதாக அர்த்தம்.

சரி, நம்மூர்க்காரன் எவனாவது பெரிய இடத்துக்குப் போயிருக்கிறானா? போயிருக்கிறான். தமிழ்நாட்டைச் சேர்ந்த கோமளீஸ்வரன் சங்கர் 2002 கொரியா-ஜப்பான் உலகக் கோப்பையில் உதவி நடுவராகக் கொடி பிடித்தார். உலகக் கோப்பைக்குப் போன முதல் இந்திய நடுவர் அவர்தான். திண்டுக்கல்லைச் சேர்ந்த ரூபாதேவி, இந்தியாவுக்காக ஆடிய பிறகு விசிலைக் கையில் எடுத்து 2016-இல் உலகக் கால்பந்து அமைப்பான ஃபிஃபாவின் நடுவர் பட்டியலில் இடம்பிடித்தார். திண்டுக்கல்லும் நம் ராமநாதபுரம் மாதிரி ஒரு மாவட்டத் தலைநகரம்தான். அதனால் ஊரைக் காரணம் காட்டித் தப்பிக்க முடியாது.

முதல் படி: 17 விதிகள்

கால்பந்து விதிகள் மொத்தம் 17. இவற்றை எழுதுவதும் திருத்துவதும் ஐஃபாப் என்கிற அமைப்பு. 1886-இல் தொடங்கியது, ஃபிஃபாவைவிட வயதில் மூத்தது. திருத்தங்கள் ஒவ்வொரு வருடமும் ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வரும். விதிப் புத்தகம் அவர்கள் இணையதளத்திலும் செல்போன் செயலியிலும் இலவசம். போன வருடப் புத்தகத்தைப் படித்துவிட்டுத் தேர்வுக்குப் போனவர்களை நான் பார்த்திருக்கிறேன். திரும்பி வந்ததையும் பார்த்திருக்கிறேன்.

ஒன்றாம் விதியிலிருந்து வரிசையாகப் படிக்காதே, தூக்கம் வந்துவிடும். பன்னிரண்டில் தொடங்கு, பவுலும் கார்டும் அங்கேதான். அப்புறம் பதினொன்று, ஆப்சைட் (கூட்டாளி பந்தை அடிக்கும்போதே பந்தையும் கடைசிக்கு முந்தைய தடுப்பாட்டக்காரரையும் தாண்டி எதிர்க் கோல் பக்கம் நிற்பது). அதன்பின் நடுவரைப் பற்றிய ஐந்து. மைதான அளவும் பந்தின் எடையும் கடைசியில் மனப்பாடம் செய்தால் போதும்: கோல் 7.32 மீட்டர் அகலம், 2.44 மீட்டர் உயரம். பெனால்டி 11 மீட்டர். ப்ரீ கிக்குக்குத் தடுப்பவர்கள் நிற்க வேண்டிய தூரம் 9.15 மீட்டர், பந்து 410 முதல் 450 கிராம்.

படிக்கும்போது பெரிய சிக்கல், நமக்கு ஏற்கெனவே 'தெரிந்தவை'. பொட்டலில் ஆடிக் கற்ற விதிகளில் பாதி தப்பு. கையில் பட்டாலே ஹேண்ட் என்று ஊரே கத்தும். உடம்போடு இயல்பாக இருக்கும் கையில் வந்து பட்டால் குற்றமில்லை. ஆப்சைட் இடத்தில் நிற்பதே குற்றம் என்று நினைப்பார்கள். நிற்பது குற்றமில்லை, அங்கிருந்து ஆட்டத்தில் தலையிடுவதுதான் குற்றம். த்ரோ, கோல் கிக், கார்னர் மூன்றிலும் பந்தை நேராக வாங்கினால் ஆப்சைடே கிடையாது. கடைசி ஆளாக நின்று தடுத்தால் கண்ணை மூடிக்கொண்டு சிவப்பு என்பார்கள். கோலுக்கு எவ்வளவு தூரம், எந்தத் திசை, பந்து யார் வசம், வேறு தடுப்பாட்டக்காரர் பக்கத்தில் இருக்கிறாரா என்று நான்கையும் பார்த்துத்தான் சிவப்பு. அதிலும் பெனால்டி பகுதிக்குள் பந்தைத் தட்டத்தான் முயன்றான், கால் தவறிப் பட்டது என்றால் பெனால்டியோடு மஞ்சள் போதும்.

புதியவையும் உண்டு. 2019 முதல், நடுவர் மேல் பட்ட பந்து கோலுக்குள் போனாலோ, எதிரணி வசம் மாறினாலோ, அதனால் ஒரு நல்ல தாக்குதல் தொடங்கினாலோ ஆட்டத்தை நிறுத்தி டிராப் பால், அதாவது நடுவர் பந்தைத் தரையில் போட்டு மறுபடி தொடங்குவது. 2025 முதல் கோல்கீப்பர் பந்தைக் கையில் 8 விநாடிக்கு மேல் வைத்திருந்தால் எதிரணிக்குக் கார்னர். கடைசி 5 விநாடியை நடுவர் கையை உயர்த்தி விரலால் எண்ணிக் காட்ட வேண்டும்.

நம் கடற்கரைக்கென்றே ஒரு கேள்வி சொல்கிறேன், தேர்விலும் வரும். ஆடி மாதம் கச்சான் காற்று வீசும்போது கீப்பர் அடித்த கோல் கிக் காற்றில் எகிறி, யார் மேலும் படாமல், திரும்பி அவன் கோலுக்குள்ளேயே விழுகிறது. என்ன கொடுப்பாய்? கோல் என்றால் பெயில். எதிரணிக்குக் கார்னர். பாம்பன் பக்கத்துப் பையனுக்கு இந்தக் கேள்வி சிரிப்பாக இருக்காது, ஏனென்றால் பந்து திரும்பி வருவதை அவன் கண்ணால் பார்த்திருப்பான்.

இரண்டாம் படி: ஊரில் ஊது

தேர்வுக்கு முன்பே குறைந்தது முப்பது நாற்பது மேட்ச் ஊதியிருக்க வேண்டும். பள்ளி மேட்ச், சின்னப் பையன்கள் மேட்ச், தடைக்காலத்து எழுவர் போட்டி, எதுவானாலும் சரி. எழுவர் போட்டிகளுக்கு விதி ஊருக்கு ஊர் மாறும். ஆப்சைட் உண்டா, மாற்று ஆட்டக்காரர் எத்தனை, சமநிலை ஆனால் நேராகப் பெனால்டியா என்பதை எல்லாம் கமிட்டியிடம் முன்பே கேட்டு, இரண்டு கேப்டன்களையும் கூப்பிட்டுச் சொல்லிவிடு. மேட்ச் நடுவில் சொன்னால் அது விதி இல்லை, வம்பு.

என் தப்பு ஒன்றைச் சொல்கிறேன். ஊதத் தொடங்கிய இரண்டாம் வருடம், சொந்த ஊர்த் திருவிழாக் கோப்பை, இறுதிப் போட்டி. சாயந்திரக் காற்றில் மணல் பறக்கிறது. பந்து பெனால்டி பகுதிக்குள் போகிறது, கூட்டமாக நாலைந்து பேர், ஒருவன் கை மேலே போனது போல் தெரிந்தது. விசிலை ஊதிவிட்டேன். பெனால்டி, கோல், கோப்பை எதிரணிக்கு. வீட்டுக்கு வந்தால் மாமா திண்ணையில் உட்கார்ந்திருக்கிறார். அவர் மகன்தான் அன்றைக்கு கீப்பர்.

"ஏப்பா, நீ எங்க நின்ன?"

"நடுக்கோட்டுக்கிட்ட மாமா."

"அங்க இருந்து பாத்தா கடிகாரத்துல மணி தெரியுமா?"

நான் பதில் சொல்லவில்லை. பந்து பட்டது நெஞ்சில் என்று இரண்டு நாள் கழித்து எதிரணிப் பையனே சிரித்துக்கொண்டே சொன்னான். மூன்று மாதம் மாமா வீட்டில் எனக்குச் சோறு கிடைத்தது, பேச்சு கிடைக்கவில்லை.

பின்னால் எத்தனையோ மதிப்பீட்டாளர்கள் என் மேட்சைப் பார்த்துவிட்டு முதலில் கேட்டது மாமா கேட்ட அதே கேள்விதான். நீங்கள் எங்கே நின்றீர்கள்? தீர்ப்பு சரியா தப்பா என்பதைக்கூட அப்புறம்தான் கேட்பார்கள். தூரத்தில் நின்று சரியாகச் சொன்னாலும் ஆட்டக்காரன் நம்ப மாட்டான். பத்து பதினைந்து மீட்டரில் நின்று தப்பாகச் சொன்னாலும் முணுமுணுத்துவிட்டுப் போய்விடுவான்.

எப்படி நிற்பது? இரண்டு உதவி நடுவர்கள் இருந்தால் குறுக்காக ஓடுவதுதான் பழக்கம். ஒரு கார்னரிலிருந்து எதிர்க் கார்னரை நோக்கி ஒரு கோடு இழுத்தது போல ஓடு, பந்து எப்போதும் உனக்கும் கொடி பிடித்தவருக்கும் நடுவில் இருக்கும். ஊர் மேட்சில் கொடிக்காரர் இருக்க மாட்டார். அப்போது கோட்டை வளைத்து, பெனால்டி பகுதியின் ஓரம் வரை போய்விட்டு வா. பந்துக்குப் பின்னாலேயே நேராக ஓடாதே, முதுகுதான் தெரியும். பக்கவாட்டில் நின்றால்தான் இரண்டு பேர் காலுக்கும் நடுவிலுள்ள இடைவெளி தெரியும்.

இன்னொன்று, இன்றுவரை நான் மீறாதது. சொந்த ஊர் டீம் ஆடும் மேட்சை இனி ஊதுவதில்லை. கீழக்கரையில் ஒரு நண்பர், எல்லோரும் அவரைக் காக்கா (அண்ணன்) என்றுதான் கூப்பிடுவார்கள், அவர் சொல்லிக் கொடுத்தது: "உன் ஊர் மேட்சுக்கு நான் வர்றேன், என் ஊர் மேட்சுக்கு நீ வா." எங்களுக்குள் ஒப்பந்தம் அவ்வளவுதான். நல்லபடியாகப் போகிறது.

மூன்றாம் படி: பையில் என்ன இருக்க வேண்டும்

விசில் இரண்டு, கைக்கடிகாரம் இரண்டு, மஞ்சள் சிவப்புக் கார்டு, நோட்டு, பேனாவோடு ஒரு பென்சில் (வியர்வை பட்ட தாளில் பேனா எழுதாது), டாஸ் போட ஒரு நாணயம். கறுப்புச் சட்டை ஒன்று, வேறு நிறத்தில் ஒன்று. இதற்கு மேல் முதல் வருடம் எதுவும் வாங்காதே.

விசில் பற்றி மட்டும் நாலு வார்த்தை. உள்ளே சின்ன உருண்டை உருளும் பழைய விசில் நம் மணலுக்கு ஆகாது. ஒரு மணல் துகள் உள்ளே போனால் போதும், முக்கியமான நேரத்தில் 'புஸ்' என்று காற்றுதான் வரும். கனடாவைச் சேர்ந்த ரான் ஃபாக்ஸ்கிராஃப்ட் என்கிற கூடைப்பந்து நடுவருக்கும் இதுதான் நடந்தது. பெரிய ஆட்டத்தில் விசில் அடைத்துக்கொண்டது. அந்தக் கோபத்தில் அவர் உருண்டை இல்லாத விசிலை உருவாக்கினார். 1987-இல் சந்தைக்கு வந்த ஃபாக்ஸ் 40 அதுதான். அதையோ அந்த மாதிரியில் வரும் வேறொன்றையோ வாங்கு. மேட்ச் முடிந்ததும் நல்ல தண்ணீரில் கழுவி வை, உப்புக் காற்று எதையும் விட்டுவைக்காது.

கார்டு வந்த கதையும் தெரிந்துகொள். இங்கிலாந்து நடுவர் கென் ஆஸ்டன் சிக்னல் விளக்கைப் பார்த்து யோசித்தது அது. 1970 மெக்சிகோ உலகக் கோப்பையில்தான் முதலில் பயன்பட்டது. வாய்ச் சண்டையில் மொழி புரியாவிட்டாலும் நிறம் எல்லோருக்கும் புரியும். எங்கள் ஊரில் மொழி நன்றாகவே புரியும், அதுதான் பிரச்சினை.

நான்காம் படி: மாவட்டச் சங்கம், நுழைவுத் தேர்வு

நடுவராகப் பதிவு ஆவதற்கு வழி ஒன்றுதான். மாவட்டக் கால்பந்துச் சங்கம், அதற்கு மேலே தமிழ்நாடு கால்பந்துச் சங்கம், அதற்கு மேலே அகில இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பு. தனியாக இணையத்தில் சான்றிதழ் விற்பவர்களிடம் ஒரு ரூபாய் கொடுக்காதே, அந்தத் தாளைக் காட்டி எந்த மேட்சும் கிடைக்காது. ராமநாதபுரம் சீதக்காதி சேதுபதி விளையாட்டரங்கத்துக்கு ஒரு சாயந்திரம் போ. அங்கே பயிற்சி கொடுக்கும் யாரிடமாவது கேட்டால், நடுவர் பயிற்சி முகாம் அடுத்து எப்போது, எங்கே என்று சொல்வார்கள். உன் பள்ளி, கல்லூரி பி.டி. ஆசிரியரையும் கேள், பல ஊரில் அவர்தான் நடுவர்.

தேர்வில் பொதுவாக மூன்று உண்டு: விதிகளில் எழுத்துத் தேர்வு, உடல்தகுதித் தேர்வு, களத்திலோ வாய்மொழியாகவோ செய்முறை. மேலே போகப் போக வீடியோத் தேர்வும் சேரும். ஒரு காட்சியை ஓடவிட்டு, பவுலா, கார்டு என்ன, ஆட்டம் எப்படித் தொடரும் என்று கேட்பார்கள். சும்மா பவுல் என்று சொன்னால் மதிப்பெண் இல்லை. கவனக்குறைவா, முரட்டுத்தனமா, அளவுமீறிய பலமா என்று பிரிக்க வேண்டும். முதலாவதற்கு ப்ரீ கிக், இரண்டாவதற்கு மஞ்சள், மூன்றாவதற்கு சிவப்பு.

நம் பையன்கள் சறுக்கும் இடம் விதியில்லை, ஆங்கிலம். ஐஃபாபின் அதிகாரப்பூர்வ மொழிகள் ஆங்கிலம், பிரெஞ்சு, ஜெர்மன், ஸ்பானிஷ். தமிழில் வகுப்பு எடுப்பார்கள், விளக்கமும் சொல்வார்கள். ஆனால் மேலே போனால் அறிக்கை ஆங்கிலத்தில்தான். அதற்காகப் பெரிய ஆங்கிலம் தேவையில்லை. நடுவர் அறிக்கையில் வரும் சொற்கள் இருநூறுக்குள் அடங்கும். நான் தினமும் ஒரு சிவப்புக் கார்டு சம்பவத்தைக் கற்பனை செய்து ஐந்து வரி எழுதுவேன். எத்தனையாவது நிமிடம், சட்டை எண், என்ன செய்தான், பந்து எங்கே இருந்தது, நான் எங்கே நின்றேன், வெளியேற்றிய பின் எப்படிப் போனான். வசை பேசினான் என்று எழுதக் கூடாது, என்ன வார்த்தை சொன்னானோ அதை அப்படியே எழுத வேண்டும். கூச்சப்பட்டு மென்மையாக எழுதினால் ஒழுங்குக் குழு அவனை விட்டுவிடும். அவன் அடுத்த வாரம் உன் முன்னால் வந்து நிற்பான்.

ஐந்தாம் படி: ஓட்டம்

இங்கேதான் நான் ஒரு முறை தோற்றேன், அதனால் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன்.

பெரிய ஆட்டத்தில் நடுவர் 10 முதல் 12 கிலோமீட்டர் ஓடுகிறார். அதைச் சோதிக்க ஃபிஃபா வைத்திருக்கும் தேர்வு இரண்டு பகுதி. முதலாவது, 40 மீட்டர் வேக ஓட்டம், ஆறு தடவை. சர்வதேச ஆண் நடுவர் ஒவ்வொன்றையும் 6 விநாடிக்குள் முடிக்க வேண்டும். இரண்டாவது, 75 மீட்டரை 15 விநாடியில் ஓடி, 25 மீட்டரை 18 விநாடியில் நடக்க வேண்டும். இதுபோல 40 தடவை. 400 மீட்டர் தடத்தில் கணக்குப் போட்டால் 10 சுற்று, மொத்தம் 4 கிலோமீட்டர். தேசிய மட்டத்தில் நடைக்கு 2 விநாடி கூடத் தருவார்கள்.

75 மீட்டர் 15 விநாடி என்றால் மணிக்கு 18 கிலோமீட்டர் வேகம். ஒரு தடவைக்கு ஒன்றும் இல்லை, யாரும் ஓடிவிடுவான். இருபத்தைந்தாவது தடவைக்கு மேல்தான் தெரியும். நடக்கிற 25 மீட்டரில் மூச்சு அடங்குவதற்குள் அடுத்த 'பீப்' வந்துவிடும். நான் தோற்றது முப்பத்தொன்றாவதில். கால் ஓடத்தான் செய்தது. பீப் அடித்தபோது கோட்டுக்கு ஒரு எட்டு பின்னால் இருந்தேன். ஒரு தடவை எச்சரிக்கை, அடுத்த தடவை வெளியே. அன்றைக்கு ராத்திரி ரயிலில் ராமநாதபுரம் வரும் வரை எதிர் சீட்டுப் பெரியவர் "என்ன தம்பி, உடம்புக்கு முடியலையா?" என்று கேட்டுக்கொண்டே வந்தார்.

நான் செய்த தப்பு, வருடம் முழுதும் மணலில் மட்டும் ஓடியது. மணலில் ஓடினால் கெண்டைக்கால் பலப்படும், ஆனால் வேகம் வராது. தடத்தில் கால் தரையை எவ்வளவு சீக்கிரம் விடுகிறதோ அதுதான் வேகம். மணல் அதைப் பழக்காது. இப்போது பையன்களுக்கு நான் சொல்வது இது. வாரத்தில் ஒரு நாள் மணல் போதும். அதுவும் வடகடல் பக்கம் தண்ணீர் வற்றிக் கிடக்கும் நேரத்தில், கெட்டியான ஈர மணலில். மீதி இரண்டு நாள் கெட்டித் தரையில் இடைவெளி ஓட்டம், ஒரு நாள் 40 மீட்டர் வேக ஓட்டம், ஒரு நாள் மேட்ச். வலைக்கயிற்றில் 75 மீட்டரும் 25 மீட்டரும் முடிச்சுப் போட்டு அளந்துகொள்ளலாம், டேப் தேடி அலைய வேண்டாம். முதல் வாரம் 12 தடவையோடு நிறுத்து. வாரத்துக்கு இரண்டு இரண்டாகக் கூட்டினால் நாலு மாதத்தில் நாற்பதைத் தாண்டிவிடுவாய். மனதுக்காக 44 வரை ஓடிப் பார்த்துவிட்டுத் தேர்வுக்குப் போ.

வெயிலைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். மே மாதம் மதியம் மூன்று மணி மேட்ச் வைக்கும் கமிட்டி எல்லா ஊரிலும் உண்டு. விதியிலேயே இதற்கு இடம் இருக்கிறது. தண்ணீர் குடிக்க ஒரு நிமிடத்துக்கு மிகாமல் இடைவேளை, உடம்பைக் குளிர்விக்க ஒன்றரை முதல் மூன்று நிமிடம். போட்டி விதியில் இதைச் சேர்க்கும்படி முன்பே கமிட்டியிடம் கேள். வீரர்களுக்காகக் கேட்பதுபோல் கேள், உனக்கும் சேர்த்துத்தான்.

ஆறாம் படி: ஏணி

தேர்வில் வென்றால் மாவட்ட நடுவர். அங்கிருந்து மாநிலம், அப்புறம் தேசியம். இந்தியாவில் நடுவர்களை எண் போட்ட பிரிவுகளாக வைத்திருக்கிறார்கள், எண் குறையக் குறைய உயரம். முதல் பிரிவு என்றால் தேசிய நடுவர். ஒவ்வொரு பிரிவிலிருந்தும் அடுத்ததற்குப் போகக் கொஞ்ச காலம் மேட்ச் ஊதியிருக்க வேண்டும், பிறகு மறுபடி தேர்வு. தேசிய நடுவரானால் மாநிலங்கள் மோதும் சந்தோஷ் கோப்பை, ஐ.எஸ்.எல். போன்ற தேசிய லீக்குகளின் கதவுகள் திறக்கும். திறக்கும் என்றுதான் சொன்னேன், உள்ளே கூப்பிட்டு உட்கார வைப்பார்கள் என்று சொல்லவில்லை.

வயதுக் கணக்கை இப்போதே போட்டுக்கொள். ஃபிஃபா பட்டியலுக்குப் போக நடுவருக்குக் குறைந்தது 25 வயது, உதவி நடுவருக்கு 23. நாட்டின் உயர்ந்த லீகில் குறைந்தது இரண்டு வருடம் தொடர்ந்து ஊதியிருக்க வேண்டும். பேரைக் கூட்டமைப்பு அனுப்பும், பேட்ஜ் ஒரு வருடத்துக்குத்தான், ஜனவரி 1-க்கு மறுபடி புதிது. இதைப் பின்னோக்கி எண்ணினால், 18 வயதில் தொடங்கியவனுக்கு நேரம் இருக்கிறது. 28-இல் தொடங்கினால் மாநில நடுவராகி நல்ல பெயர் எடுக்கலாம், அதுவும் குறைந்ததில்லை. நான் தொடங்கியது 26-இல். முழங்கால் முதன்முதலில் வலித்தபோதே ஆடுவதை விட்டுவிட்டு வந்திருந்தால் மூன்று வருடம் முன்பே வந்திருப்பேன்.

நம் மாவட்டத்துக்காரனுக்கு இந்தப் படியில் பெரிய தடை தூரம். வாராவாரம் தரமான லீக் மேட்ச் நடப்பது சென்னையில். ராமேஸ்வரத்திலிருந்து சாயந்திரம் ரயில் ஏறினால் காலையில் எழும்பூர். மேட்ச் முடித்து அன்றிரவே திரும்பினால் மறுநாள் பள்ளி. மாதம் இரண்டு தடவை இப்படிப் போய்வந்த வருடங்களில்தான் நான் உண்மையிலேயே முன்னேறினேன். முடிந்தால் கல்லூரியைச் சென்னை, மதுரை, கோவை என்று மேட்ச் அதிகம் நடக்கும் ஊரில் படி. முடியாவிட்டால் மதுரை வரையாவது நடுவர்கள் வட்டத்தில் பேரைக் கொடுத்து வை. கடைசி நிமிடத்தில் ஒருவர் வராமல் போகும்போது, போனை எடுத்து உடனே "வர்றேன் சார்" என்பவனுக்குத்தான் மேட்ச் வரும்.

பக்க வழிகள் சில

கொடி பிடிப்பது தாழ்ந்த வேலை என்று ஊரில் ஒரு நினைப்பு. நம்மூர்க்காரர் உலகக் கோப்பைக்குப் போனதே கொடியோடுதான். பார்வைக் கூர்மையும் குறுகிய தூர வேகமும் உள்ளவன், நடுவில் நின்று இருபத்திரண்டு பேரைச் சமாளிக்கும் குணம் இல்லாதவன், உதவி நடுவர் வழியில் போனால் சீக்கிரம் உயர்வான். கடைசிக்கு முந்தைய தடுப்பாட்டக்காரரின் வரிசையிலேயே நிற்கப் பழகுவதுதான் அந்த வேலையின் உயிர்.

இன்னொரு வழி, கடற்கரைக் கால்பந்து. இதை ஏன் நம் ஆட்கள் கண்டுகொள்ளவில்லை என்பது எனக்குப் புரியவில்லை. அணிக்கு ஐந்து பேர், வெறுங்கால், 12 நிமிடம் வீதம் மூன்று பகுதி. களத்துக்குள் இரண்டு நடுவர்கள், வெளியே மூன்றாவது நடுவரும் நேரம் பார்ப்பவரும். ஃபிஃபா இதற்குத் தனி நடுவர் பட்டியலே வைத்திருக்கிறது. 2023-இல் சூரத்தில் முதல் தேசியக் கடற்கரைக் கால்பந்துப் போட்டியை நடத்தினார்கள். மணலில் பந்து எப்படி எகிறும் என்று நமக்குப் பாடம் எடுக்கவா வேண்டும்? நெரிசல் குறைந்த வரிசை இது, இப்போது நின்றுவிடு.

பெண்களுக்கு ஒரு வார்த்தை. 2022 கத்தார் உலகக் கோப்பையில் கோஸ்டாரிகா-ஜெர்மனி ஆட்டத்தை ஊதியவர் ஸ்டெஃபானி ஃப்ராபார். ஆண்கள் உலகக் கோப்பையில் நடுவில் நின்ற முதல் பெண் அவர். நம் பக்கம் பள்ளி அணியில் ஆடிய பெண் பிள்ளைகள் பன்னிரண்டாம் வகுப்போடு நிறுத்திவிடுகிறார்கள். ஊதுவதற்கு டீம் வேண்டாம், தனியாகத் தொடரலாம். மகளிர் போட்டிகளுக்குப் பெண் நடுவர் தேடி அலைகிறார்கள்.

திட்டு, மிரட்டல், கவர்

கூட்டத்தின் திட்டுக்குப் பதில் சொல்லாதே, திரும்பிப் பார்க்கவும் செய்யாதே. ஆட்டக்காரனின் முணுமுணுப்பை ஒரு தடவை காதில் வாங்காதது போல் இரு. இரண்டாம் தடவை கேப்டனைக் கூப்பிட்டு அமைதியாகச் சொல். மூன்றாவது தடவைக்குக் கார்டு. முதல் நிமிடத்திலேயே கார்டைக் காட்டினால் மிச்சம் 89 நிமிடத்துக்குக் கையில் ஒன்றும் இருக்காது. அடிக்க வந்தால் மட்டும் இந்தக் கணக்கெல்லாம் கிடையாது. ஆட்டத்தை நிறுத்து, அறிக்கை எழுது, வீட்டுக்குப் போ. வீரம் காட்டும் இடம் இல்லை அது.

மேட்சுக்கு முன் யாராவது "நம்ம பையங்க, பாத்துக்கங்க" என்று சொல்லி டீ வாங்கித் தந்தால், டீக்கு நீயே காசு கொடுத்துவிடு. கவர் நீட்டினால் உடனே சங்கத்துக்குச் சொல். சொல்லாமல் மறுத்துவிட்டு வந்தாலும் பின்னால் உன் பெயர்தான் அடிபடும். இது எனக்கு நடக்கவில்லை, பக்கத்தில் நின்றவருக்கு நடந்தது.

நாளை என்ன செய்வது

விதிப் புத்தகத்தை இன்றிரவே செல்போனில் இறக்கு. பன்னிரண்டாம் விதியைப் படி, புரியாததைக் குறித்து வை. போன வாரம் உச்சிப்புளியிலிருந்து பத்தொன்பது வயதுப் பையன் ஒருவன் வாட்ஸ்அப்பில் கேட்டான்: "சார், கோல் போஸ்ட்ல பட்டுத் திரும்பி வந்த பந்தை, ஆப்சைட்ல நின்னவன் அடிச்சா கோலா?" இல்லை தம்பி, கூட்டாளி முதலில் பந்தை அடித்த நேரத்தில் அவன் எங்கே நின்றானோ அதுதான் கணக்கு, போஸ்ட்டில் பட்டதால் எதுவும் மாறாது என்று எழுதினேன். உடனே அடுத்த கேள்வி வந்தது, அதற்கடுத்ததும் வந்தது. பதினொன்றரை மணிக்கு நான் போனை அணைத்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்குப் பள்ளி மைதானத்தில் பதினான்கு வயதுக்குட்பட்டவர்கள் மேட்ச் இருக்கிறது, அவனை வரச் சொல்லியிருக்கிறேன். விசில் நான் தருகிறேன், ஷூவும் சாக்ஸும் அவன் கொண்டு வர வேண்டும்.